தனித் தட்டு

பழவேற்காட்டில் எங்கள் தெருவுக்கு வந்த சுகாதார நர்ஸ் என்னிடம் பதினோரு கேள்விகள் கேட்டார். பத்துக்கு உண்மையைச் சொன்னேன். ஒன்றுக்குப் பொய் சொன்னேன்.

நான் படிக்காதவன் அல்ல. பி.காம். முடித்தவன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சிறிய கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்றிதழ், மீனவர் நிவாரணம், முதியோர் பென்ஷன் என்று ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதுதான் என் பிழைப்பு. "பொய்யா எதையும் எழுதாதீங்க, பின்னால மாட்டிக்குவீங்க" என்று ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்கிறவன். வயது நாற்பத்தெட்டு. மகளுக்கு இருபத்து மூன்று. நெடுநாள் கழித்துப் பிறந்த மகனுக்கு நான்கு.

நர்ஸம்மா கேட்டவை கடினமான கேள்விகள் இல்லை. வீட்டில் எத்தனை பேர், ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை உண்டா, குடிப்பது கேன் தண்ணீரா குழாய்த் தண்ணீரா, மழையில் செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்ததா, இறாலோ மட்டியோ அரைவேக்காட்டில் சாப்பிட்டீர்களா, தினமும் அல்சர் மாத்திரை போடுகிறவர் யாராவது இருக்கிறாரா. இப்படியே போய், ஒன்பதாவதாகவோ பத்தாவதாகவோ அந்தக் கேள்வி வந்தது.

"விருந்துக்கு முந்தின வாரத்துல உங்க வீட்ல யாருக்காவது வாந்தி, பேதி இருந்துச்சா பாய்?"

"இல்லைங்க" என்றேன்.

அவர் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். வெளியே என் மகன் அவருடைய ஸ்கூட்டரின் ஹாரனை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்தான்.

விருந்து என்று அவர் சொன்னது என் மகளின் நிச்சயத்தை. அது மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதற்கு முந்தின வியாழக்கிழமை மதியம் மகனைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டி வந்தேன். அந்த வாரம் அங்கே ஏழெட்டுப் பிள்ளைகள் வரவில்லை. ஏன் என்று டீச்சரிடம் கேட்டிருக்கலாம். குளிர் நாள், சளி பிடித்திருக்கும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பாயில் வாந்தி எடுத்துவிட்டான். மாலைக்குள் இன்னும் ஐந்து தடவை. பேதியும் சேர்ந்துகொண்டது. அவன் அம்மா மடியில் போட்டுக்கொண்டு உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். நான் தரையைத் துடைத்தேன்.

எப்படித் துடைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய கைலி ஒன்றைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, அதை வாளியில் மற்ற துணிகளோடு போட்டேன். பிறகு அலமாரியில் கொரோனாக் காலத்திலிருந்து கிடந்த சானிடைசர் பாட்டிலை எடுத்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் காரியம் முடிந்தது என்று தோன்றியது. நம்முடையது படித்த வீடு, இதெல்லாம் தெரிந்த வீடு என்ற எண்ணம்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் மகனுக்கு நின்றுவிட்டது. சனிக்கிழமை பிஸ்கட் கேட்டு அழுதான். அப்போதுதான் என் மனைவி அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, ஒரு வாரம் தள்ளிப் போடுவோமா?"

"என்ன பேசுற? மாப்பிள்ளையோட மாமா துபாய்லருந்து லீவுல வந்திருக்காரு. செவ்வாக்கிழமை ஃப்ளைட்டு."

"சரி, தள்ளிப் போட வேணாம். புள்ளைக்கு இப்படி இருந்துச்சின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. வர்றவங்க பாத்து நடந்துக்குவாங்க."

"நாலு வயசுப் புள்ள வாந்தி எடுத்தத மைக்செட் வெச்சு சொல்லணுமா?"

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் மகளுக்கு ஓர் இடம் பேசி, தேதி வைக்கும்வரை போய்விட்டு நின்றது. சின்ன வயதில் அவளுக்கு வீசிங் இருந்ததை யாரோ அவர்கள் காதில் போட்டிருந்தார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் இங்கே மருந்துக் கடைக்குப் போக மாட்டேன். பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி, கடைப் பெயர் தெரியாத பையில் போட்டுக் கொண்டு வருவேன். மகனுக்கான உப்புச் சர்க்கரைப் பொடியையும் அப்படித்தான் வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இறால் வந்தது. அதைக் கொண்டு வந்தவர் ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் ஓர் அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அந்தக் கரைக் குடிசைக்காரர்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். அப்படிப் பிடித்த இறால், அவர்கள் கையிலிருந்து வாங்குகிறவரின் பாத்திரத்துக்கு உயிரோடு போகும். அதனால்தான் விசேஷங்களுக்கு எங்கள் தெருவில் அவரிடம் சொல்லி வைப்போம்.

"பாயம்மா! இன்னா இன்னும் கதவ சாத்திக்கினு கீறீங்க? கல்யாண வூடு மாதிரியா கீது?"

"கல்யாணம் இல்லக்கா, இன்னிக்கு நிச்சயம்தான்" என்று சிரித்தாள் என் மனைவி.

"எதுனா ஒண்ணு. பாரு, எப்டி துள்ளுது. இத்த துன்னா மாப்ள வூட்டுக்காரன் இன்னிக்கே கட்டிக் குடுன்னு குந்திக்குவான்."

நான் எட்டிப் பார்த்து, "சுத்தமா இருக்கா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"ஏரியிலயே கெடந்தது பாய், அத்த நான் இன்னா பண்றது? உம் பொண்ணுக்குன்னு விடியறதுக்குள்ள தண்ணியில குந்தினேன். கையப் பாரு." இரண்டு உள்ளங்கையையும் நீட்டிக் காட்டினார். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. விரல்களில் சிப்பி கிழித்த கோடுகள்.

அன்று காலையில் எனக்கே வயிறு சரியில்லை. இரண்டு தடவை போய் வந்தேன். இரண்டாவது தடவை வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதால் சோப்பைத் தேடவில்லை. தண்ணீரில் அலசிவிட்டு, போகிற போக்கில் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு சட்டையை மாட்டினேன். பதற்றத்தால்தான் இப்படி என்று நினைத்தேன். அப்படித்தான் உண்மையிலேயே நினைத்தேனா என்று இப்போது சத்தியம் பண்ணச் சொன்னால் என்னால் முடியாது.

எங்கள் விருந்தில் சகன் வைப்போம். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, கறியும் மீனும் மேலே வைத்து, ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. பணக்காரரும் இல்லாதவரும் பக்கத்தில் பக்கத்தில் கை வைக்கிற சாப்பாடு. அதில் உட்கார எனக்கு என்றுமே பிடிக்கும், இன்றும் பிடிக்கும். அதில் ஒரு மரியாதையும் உண்டு. சளி பிடித்தவர், கையில் புண் உள்ளவர், வயிறு சரியில்லாதவர், தாமாகவே தனித் தட்டு கேட்டு வாங்கிக்கொள்வார். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆக, நான் செய்ததற்குச் சகனைக் காரணம் சொல்ல எனக்கு வழியில்லை.

உள்ளே பெண்களுக்கு இரண்டு சகன், கூடத்தில் ஆண்களுக்கு மூன்று. என் தட்டில் சம்பந்தி, அவருடைய எண்பது வயதுத் தகப்பனார், துபாய் மாமா, என் அண்ணன், நான். கை கழுவச் செம்பில் தண்ணீர் ஊற்றினார்கள். உட்கார்ந்தேன். வயிற்றில் ஒரு முறுக்கு வந்தது. தனித் தட்டு கேட்க வாய் வரைக்கும் வந்தது. பெண்ணைப் பெற்றவன் சம்பந்தியோடு ஒரு தட்டில் கை வைக்கவில்லை என்றால் என்ன நினைப்பார்கள்? காரணம் கேட்க மாட்டார்கள். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள். பேசினால் மகன் வாந்தி எடுத்தது வரும். அதைத் தொட்டு வீசிங் வரும். கேட்கவில்லை.

பெரியவருக்குப் பல் இல்லை, கண்ணும் மங்கல். கொடுவா மீனில் முள் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. நான் மீனைப் பிட்டு, விரலால் அழுத்தி அழுத்தித் தடவி, முள்ளெடுத்து, சதையை அவர் பக்கம் வைத்துக்கொண்டே இருந்தேன். அவர் எடுத்து எடுத்துச் சாப்பிட்டார்.

"சம்பந்தி, பெரியவருக்கு மட்டும்தான் இந்த உபசாரமா? நாங்க முள்ளோட முழுங்கணுமா?" என்றார் துபாய் மாமா.

"உனக்கும் எடுத்துப் போடுறேன் மச்சான், பல்லக் கழட்டி வெச்சுட்டு வா" என்றார் என் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். மாமா பக்கமும் கொஞ்சம் எடுத்து வைத்தேன்.

உள்ளே என் மனைவி, பித்தமாக இருக்கிறது என்று சொல்லி, ஒரு சின்னத் தட்டை வாங்கி ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அவள் மகனுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் படுத்தவள். ஒரு பொய் அவளும்தான் சொன்னாள். ஆனால் அவள் பொய் யாரையும் படுக்க வைக்கவில்லை.

அன்று மாலையே எனக்கு வாந்தியும் பேதியும் முழுதாகக் கண்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை சம்பந்தி போன் செய்தார். குரல் எழவில்லை.

"மச்சான், நேத்துலருந்து எனக்கும் வாப்பாவுக்கும் நிக்கவே இல்ல. வாப்பாவ பொன்னேரி ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். ட்ரிப்ஸ் ஏறுது. மூத்திரம் போகலன்னு டாக்டர் பயப்படுறாரு. மச்சினனும் படுத்துட்டான், ஃப்ளைட்ட விட்டுட்டான்."

என் அண்ணனுக்கும் அதே கதை என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். அவர் கேட்டார்:

"அந்த இறால் யார்கிட்ட வாங்கினீங்க?"

சொன்னேன்.

"பறிய வாயில கவ்விக்கிட்டு சேத்துல தடவுவாங்களே, அவங்ககிட்டயா? அப்ப அதான். இறால்தான் மச்சான்."

"இருக்கும்" என்றேன்.

ஒரே ஒரு சொல். சம்பந்தி வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். மதியத்துக்குள் அந்தச் சொல் அவர்கள் வீட்டுப் பெண்கள் வழியாக எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வரும்போது, 'பெண் வீட்டுக்காரரே சொல்லிட்டாராம்' என்று மாறியிருந்தது.

புதன்கிழமை காலை அந்த அம்மா வழக்கம்போலக் கூடையோடு தெருமுனையில் உட்கார்ந்தார். நான் உள்ளறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தெருப் பெண்கள் வந்தார்கள், கூடையைப் பார்த்தார்கள், வாங்காமல் நின்றார்கள்.

"உன் இறால துன்னா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவும் நீயே புடிச்சுக் குடுப்பியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இன்னா பேசற? எத்தினி வருசமா இந்தத் தெருவுல குந்தறேன். எந்த வூட்ல எவன் வயித்தப் புடிச்சிக்கினு போனான், சொல்லு!"

"வாயில கவ்வினத போட்டுக் குடுத்தா வயிறு கெடாம இன்னா பண்ணும்?"

"யம்மா, கவுறுதான் என் வாயில. இறால் பறியில. நீ கண்ணால பாத்ததே இல்லியா?"

சிரிப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவு தட்டப்பட்டது.

"பாய்! பாய் கீறாரா? நீ வந்து ஒரு வார்த்த சொல்லு பாய். அன்னிக்கி உசுரோட குடுத்தனா இல்லியா?"

நான் அசையவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அவளே போய்க் கதவைத் திறந்தாள்.

"அவருக்கும் முடியலக்கா, படுத்திருக்காரு."

"அய்ய, அவருக்குமா? சரி, படுக்கட்டும். கஞ்சித் தண்ணில உப்பப் போட்டுக் குடு பாயம்மா, தெம்பா இருக்கும். எழுந்தார்னா சொல்லச் சொல்லு."

கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்த என் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்களுக்காக நான் அந்த அம்மாகிட்ட நின்னு பேசிட்டேன். இன்னொரு தடவ நிக்க மாட்டேன்."

மறுநாள்தான் நர்ஸம்மா தாளோடு வந்தார். ஒரே விருந்தில் சாப்பிட்ட நான்கைந்து பேர் படுத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போகுமாம். எனக்கு அது தெரியாது. என் பொய்யைக் கேட்டுக்கொண்டு போனவர் சனிக்கிழமை திரும்ப வந்தார். இந்தத் தடவை தாளை வெளியே எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, என் மகள் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார்.

"பாய், ஒரு விஷயம் ஒத்து வரல. அதான் வந்தேன்."

"சொல்லுங்கம்மா."

"விருந்துல சாப்பிட்ட எல்லாரையும் பாத்துட்டேன். உள்ள லேடீஸ் பத்துப் பேர் அதே இறால்தான் சாப்பிட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. கூடத்துல ரெண்டு தட்டுக்காரங்களும் அதே இறால்தான். அவங்களுக்கும் ஒண்ணும் இல்ல. படுத்தது அஞ்சு பேரு. அஞ்சு பேரும் ஒரே தட்டு."

நர்ஸம்மா டீயைக் கீழே வைத்தார்.

"அந்தப் பெரியவர் தெனமும் அல்சர் மாத்திரை போடறவரு, அதப் போட்டா வயித்துல கிருமிய எதுக்கற அமிலம் கொறையும். வயசு வேற. அதான் அவருக்கு மட்டும் அவ்ளோ மோசமாப் போச்சு. ஆனா எதுலருந்து வந்துச்சு? பாலர் பள்ளிக்கும் போனேன். உங்க பையன் அந்த வாரம் வெள்ளிக்கிழமை வரலன்னு டீச்சர் சொன்னாங்க."

மகள் டீ தட்டோடு கதவருகில் நின்றிருந்தாள். அவள் முன்னால்தான் சொல்ல வேண்டியிருந்தது. மகனுக்கு வந்தது, நான் துடைத்தது, காலையில் வயிறு முறுக்கியது, முள்ளெடுத்துக் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது வருஷா வருஷம் இந்தக் குளிர்ல சுத்தற வைரஸ்தான் பாய். சின்னப் புள்ளைங்க இருக்கற வீட்ல மொதல்ல நுழையும். புள்ளையப் பாத்துக்கறவங்களுக்குத் தொத்தும். நின்னுடுச்சேன்னு நெனைப்போம், நின்ன பிறகும் ரெண்டு மூணு நாள் அடுத்தவங்க சாப்பாட்டுல கை வைக்கக் கூடாது. நீங்க தேய்ச்சீங்களே, அந்த சானிடைசர் இதுக்கு அவ்ளோவா வேலை செய்யாது. சோப்பு போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவணும். துடைச்ச எடத்துல ப்ளீச்சிங் போடணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஒரு சோப்பு, ஒரு தட்டு.

எழுந்தவர் வாசலில் நின்று சொன்னார்: "இறால்னு சந்தேகம்னு நான் எழுதி வெச்சிருந்தேன். அத அடிச்சிட்டேன். தெருவுல பேசறத நான் அடிக்க முடியாது பாய்."

அவர் போனதும் நான் மகளைப் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

"வாப்பா, இதெல்லாம் எனக்காகத்தான் செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அதைத்தான் சொல்ல இருந்தேன். மூன்று நாளாக ஜன்னலுக்குப் பின்னால் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான்.

அன்று மாலை சம்பந்தி வீட்டுக்குப் போனேன். பெரியவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். கட்டிலில் சுருண்டு கிடந்தார், கையில் ஊசி போட்ட இடம் கறுத்திருந்தது. சம்பந்தியும் துபாய் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். சலாம் சொல்லிவிட்டு நின்றபடியே சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல், கடையில் விண்ணப்பத்தை வாசித்துக் காட்டுகிற குரலாகத்தான் வந்தது. எவ்வளவு முயன்றும் மாறவில்லை.

மாமாதான் முதலில் பேசினார். "படிச்ச குடும்பம்னு சொல்லித்தான் எங்கள கூட்டிட்டு வந்தாங்க."

சம்பந்தி அவரைக் கையமர்த்தினார். "மச்சான், தனித் தட்டு கேட்டிருந்தா நாங்க என்ன கொறஞ்சா போயிருப்போம்? எங்க வீட்லயும் புள்ளைங்க இருக்கு. வாந்தி எடுக்காத புள்ள எந்த ஊர்ல இருக்கு?"



பெரியவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கான்."

"அல்ஹம்துலில்லாஹ். அன்னிக்கு மீன் நல்லா இருந்துச்சு. எனக்கு முள்ளெடுத்துத் தர இந்த வீட்ல எவனுக்கும் நேரமில்ல."

அந்த அறையில் என்னால் நிற்க முடியவில்லை. சம்பந்தி வாசல்வரை வந்து, "கல்யாணப் பேச்ச பிறகு பேசுவோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபம் இல்லாதது எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

இரண்டு வாரம் ஆகிவிட்டது. அந்த வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. மகள் என்னோடு பேசுகிறாள், வேலையெல்லாம் செய்கிறாள். ஆனால் அவள் இருக்கும் இடத்துக்குப் போகும்போது நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு போகிறேன், அந்நிய வீட்டுக்குள் போகிறவன் மாதிரி. மகன் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டால்கூட எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

சம்பந்தி வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் காலை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த அம்மா தெருமுனைக்கு வந்திருந்தார். கூடையில் பாதிதான் இருந்தது. வாங்க ஆள் இல்லாதபோது எதற்கு நிறையப் பிடிக்க வேண்டும். நான்கைந்து பெண்கள் மீன் சைக்கிள்காரரைச் சுற்றி நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இவரிடம் ஒருவரும் இல்லை. நான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், உங்கள் இறால் காரணம் இல்லை, என் வீட்டிலிருந்துதான் வந்தது, நான்தான் சொல்லாமல் விட்டேன் என்றேன்.

அவர் ஈரச் சாக்கை இழுத்துக் கூடையை மூடினார்.

"இத்த இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்ற பாய்? நான் புடிச்சது நல்லாத்தான் இருந்துச்சின்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்க அதோ நிக்கறாங்க. அங்க சொல்லு."

"சொல்றேன்."

"எப்ப? படுத்து எழுந்தா?"

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நான் நின்றது அவருக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி, சைக்கிளைச் சுற்றி நின்றவர்களிடம் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். என் பையனுக்கு வாந்தி பேதி இருந்தது, மறைத்தேன், எனக்கும் வந்திருந்தது, அந்தக் கையோடு சகனில் உட்கார்ந்தேன், அதனால்தான் ஐந்து பேரும் படுத்தோம், இறாலில் ஒன்றும் இல்லை, நர்ஸம்மாவும் அப்படித்தான் சொல்கிறார். மீன்காரர் தராசைப் பிடித்தபடி நின்றார். அன்று ஆட்டோ பிடித்துத் தருவாயா என்று கேட்ட பெண்ணும் அங்கே இருந்தாள்.

"அப்ப அன்னிக்கே இன்னாத்துக்கு சொல்லல பாய்? இவ வந்து உங்க கதவத் தட்டினாளே?"

 

"அவர இன்னா கேட்டுக்கினு கீற? அதான் சொல்ட்டாரே" என்றார் அந்த அம்மா, சாக்கை விலக்கியபடி. "உனக்கு இறால் வாணுமா, வாணாவா? வெயில் ஏறுது."

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி வந்து, குனிந்து, ஓர் இறாலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது அவள் விரலிலிருந்து துள்ளிக் கூடையில் விழுந்தது. இன்னொரு பெண்ணும் பாத்திரத்தோடு அசைந்தாள். மற்ற இருவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் கூடைக்கு முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். யாராவது என்னை ஏதாவது சொல்வார்கள், அதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தேன் போலிருக்கிறது.

"கொஞ்சம் தள்ளி நில்லு பாய்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "ஆளுங்க வரட்டும்."

தள்ளி நின்றேன்.